பாட்டி சொல்லாததை மெஷின் ஏன் எழுதுகிறது?

மலை மொழிகளும் செயற்கை நுண்ணறிவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டி படுக மொழியில் சொன்ன பழைய கதைகள் ஆறு மணி நேரம் பதிவாகி இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் போட்டேன், சீக்கிரமே எழுத்தாகக் கொடுத்துவிட்டது. படித்துப் பார்த்தால் பாதி தமிழ், நடுநடுவே கன்னட எழுத்து. பாட்டி மூச்சு வாங்கிய இடங்களில் அவர் சொல்லவே சொல்லாத வாக்கியங்கள். எங்கே தப்பு? – வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் பதிவில் தப்பில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மாடலுக்கோ, அதை உள்ளே வைத்துக் கட்டிய செயலிக்கோ பொருந்துகின்றன. ஓப்பன்ஏஐ 2022-ல் வெளியிட்ட மாடல் அது. 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. தமிழ், கன்னடம், மலையாளம் மூன்றும் அதற்குத் தெரியும். படுக மொழி அதன் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத மொழியைக் கேட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அதற்கு வழி வைக்கப்படவில்லை. ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்து, தெரிந்த மொழிகளில் எது பக்கத்தில் வருகிறதோ அதில் எழுதிவிடும். உங்கள் செயலி துண்டுக்குத் துண்டு மொழியை ஊகித்திருக்கிறது. அதனால்தான் ஒரு பத்தி தமிழ், அடுத்தது கன்னடம்.

அது எழுதும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கேட்ட ஒலியோடு, இதுவரை எழுதிய சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்தே எழுதுகிறது. தமிழ்ப் பேச்சுக்கு இது நல்ல துணை. இருமலில் அமுங்கிய சொல்லைக்கூட நிரப்பிவிடும். படுக மொழியில் இதுவே வினையாகிறது. பாட்டி ‘ஹட்டி’ என்று ஊரைச் சொன்னால், மாடலுக்குப் பழகிய ‘கட்டி’யோ ‘வட்டி’யோ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடலாம். பேச்சே இல்லாத இடத்திலும் எதையாவது எழுதிவைக்கும். சில சமயம் ஒரே வரியைப் பத்து முறை எழுதும். மூச்சு வாங்கிய இடத்தில் வந்த வாக்கியங்கள் அப்படி முளைத்தவைதான்.

படுக மொழியிலாவது கோளாறு பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. இருளர் பேச்சையும் பளியர் பேச்சையும் இதே மாடலிடம் கொடுத்தால் படிக்கச் சுகமான, சுத்தமான தமிழ் வரும். எங்களுக்குக் கவலை அங்கேதான். அவர்களுக்கே உரிய விகுதியும் உயிரொலியும் சொல்லும் ஓசைப்படாமல் பாடப்புத்தகத் தமிழாகியிருக்கும். ஒலியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டால் ஒழிய அது கண்ணில் படாது. பிற்காலத்தில் அந்த எழுத்தை மட்டும் பார்ப்பவர், இவர்களும் நம்மைப் போலத்தான் பேசியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். எனவே தமிழுக்கு எவ்வளவு நெருங்கிய பேச்சோ, அவ்வளவு சந்தேகத்தோடு மெஷின் எழுத்தைப் படியுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆறு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் எழுத நினைக்காதீர்கள். தெளிவாகப் பதிவான ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கையால் எழுதுங்கள். நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் ஈலான் என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ஒலி அலையைப் பார்த்தபடி வாக்கியம் வாக்கியமாகக் குறித்து, ஓர் அடுக்கில் படுக வரியையும் அடுத்த அடுக்கில் தமிழ்ப் பொருளையும் எழுதலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு நிமிடப் பேச்சுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 30 மணி நேர உழைப்பு. இந்த முதல் மணி நேரத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. மெஷின் கற்கப்போவது இதிலிருந்துதான்.

எழுதியதை 5 முதல் 15 விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். சொல்லின் நடுவே வெட்டு விழக் கூடாது. பயிற்சிக்கு 16 கிலோஹெர்ட்ஸ் மோனோ (ஒற்றைத் தட ஒலி) பிரதி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பழக்குவதற்கு மெட்டா 2023-ல் வெளியிட்ட எம்.எம்.எஸ். மாதிரியான மாடல் ஏற்றது. 1,107 மொழிகளுக்காகப் பழக்கப்பட்டது. பெரும்பாலும் புதிய ஏற்பாட்டு வாசிப்புகளைக் கேட்டு, மொழிக்குச் சராசரி 32 மணி நேரம் பழகியது. விநாடிக்கு 50 முறை ஒலியைப் பார்த்து, இங்கே இந்த எழுத்து என்று குறித்துக்கொண்டே போகும். தப்பு செய்தாலும் கேட்ட ஒலிக்குப் பக்கத்திலேயே செய்யும், வாக்கியம் வாக்கியமாகக் கற்பனை செய்யாது. முழு மாடலையும் மாற்றத் தேவையில்லை. அடாப்டர் எனப்படும் சின்னப் பகுதியை மட்டும் உங்கள் மொழிக்குப் பழக்கினால் போதும். 16 ஜிபி நினைவுள்ள கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் ஒரு மணி நேரத் தரவை ஓட்டிவிடலாம். வணிகப் பயன்பாட்டுக்கு எம்.எம்.எஸ். உரிமம் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதிக்கும்போது பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். பாட்டியின் குரலிலேயே பயிற்சி, அதே குரலிலேயே தேர்வு. மார்க் அள்ளிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுத் தாத்தா பேசினால் மாடல் தடுமாறிவிடும். பயிற்சியில் சேராத இன்னொருவர் பேச்சில் ஐந்து நிமிடம் எழுதி, அதில் சோதியுங்கள். நூறு எழுத்துக்கு 30-க்கு மேல் தப்பு என்றால் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே வேகம். 15-க்குக் கீழே வந்தால் திருத்துவது லாபம். திருத்திய ஒவ்வொரு மணி நேரத்தையும் பயிற்சியில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் உழைப்பு குறைவது தெரியும்.

பாட்டுகளை இதில் சேர்க்க வேண்டாம். பாடும்போது உயிர் நீள்கிறது, மூச்சுக்காகச் சொல் உடைகிறது. பேச்சுக்குப் பழகிய மாடல் அங்கே குழம்பும். பாடி முடித்ததும் அதே வரிகளை நிதானமாகப் பேச்சாகச் சொல்லச் சொல்லி இன்னொரு பதிவு எடுத்துவிடுங்கள். பாட்டை எழுத அது பெரிய உதவி.

கேள்வி: தோடர் மொழியைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பயிற்சி கொடுத்தால் போதாதா? – ஆசிரியர், உதகமண்டலம்

பதில்: அப்படியே எழுதினால் போதாது. தோடர் மொழியில் நாக்கு அதிரும் ரகரம் மூன்று. சாறு, துணியின் கரை, கன்றுப் பட்டி இந்த மூன்றுக்கும் உரிய தோடச் சொற்கள் நம் காதுக்குக் கிட்டத்தட்ட ‘கர்’ என்றே விழும். வேறுபாடு முழுவதும் ரகரத்தில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ர, ற இரண்டு. அதையும் பேச்சில் பலர் ஒன்றாக்கிவிட்டோம். உயிர்களும் அப்படியே: தோடர் மொழியில் எட்டு வகை, குறிலும் நெடிலுமாக 16. நம் எழுத்தில் ஐ, ஔ நீங்கலாக 10. மூன்று சொல்லையும் ‘கர்’ என்றே எழுதிக் கொடுத்தால், மூன்று ஒலியும் ஒன்றுதான் என்று மாடலுக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். பிறகு எத்தனை மணி நேரத் தரவு கொட்டினாலும் அந்த வேறுபாடு திரும்பாது.

படுக மொழியிலும் இது உண்டு. வாய், வளையல், விளைச்சல் மூன்றுக்கும் உள்ள சொற்கள் தமிழ் எழுத்தில் ‘பெ’ என்று ஒன்றாகிவிடும். முதலாவதில் உயிர் சாதாரணம், இரண்டாவதில் நாக்கு சற்றே மடங்குகிறது, மூன்றாவதில் நன்றாக மடங்குகிறது. தமிழில் ளகரம் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு உயிரே மடங்கி ஒலிக்கிறது. இன்று பலர் பேச்சில் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. மூத்தோர் பேச்சில் கேட்டால் விடாமல் குறித்து வைக்க வேண்டியது இதைத்தான்.

தமிழ் எழுத்தை விடவும் வேண்டாம், புது எழுத்தும் வேண்டாம். தமிழோடு இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரகரத்துக்கு ஒரு குறி, மடங்கும் உயிருக்கு ஒரு குறி என்று. குறி போன் கீபோர்டில் நேரடியாகத் தட்டக்கூடியதாக இருக்கட்டும். அடிக்கோடு, தடித்த எழுத்து, நிறம் இவற்றைக் குறியாக வைக்காதீர்கள். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றியதும் அவை உதிர்ந்துவிடும், கூடவே உங்கள் ஒலி வேறுபாடும். எந்தக் குறி எந்த ஒலிக்கு என்பதை அந்த மொழி பேசுவோரே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மொழியியலாளர் எம்.பி. எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கிக் காதால் கேட்டு எழுதிய தோட, கோத்தப் பனுவல்கள் ஒலிகளைத் துல்லியமாகக் காட்டுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க அவை துணை. ஆனால் அந்த எழுத்துமுறை மொழியியலாளருக்கானது, மந்தில், அதாவது தோடர் ஊரில், இருக்கும் பிள்ளைக்கானது அல்ல.

தட்டச்சில் மூன்று கண்ணிகள் உண்டு. ‘கொ’ என்பதைச் சில கீபோர்டுகள் ஒரே குறியீடாகவும், சில கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதிவு செய்யும். கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு இரண்டு. ‘ஔ’ என்ற எழுத்தும் ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ போட்டதும் அதே கதை. காலுக்குப் பதில் ‘ர’ தட்டுவது மூன்றாவது. பயிற்சிக்கு முன் எல்லா ஃபைலையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். முதல் சிக்கல் அதில் தீரும். மற்ற இரண்டையும் தேடிப் பிடித்துக் கையால்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைச் சேர்த்து வைத்தால் போதுமா? – வாசகர், கீழ்க்கோத்தகிரி

பதில்: நேரில் எடுக்கவே முடியாதபோது அதுவும் பொக்கிஷம்தான், அழிக்காதீர்கள். ஆனால் அதில் ஒலி நன்றாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. முதலில் அடிபடுவது ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள். தோடர் மொழியில் அவையே நாலு வகை.

நேரில் எடுப்பதானால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைல். மோனோவில் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். போனில் எடுத்தால் சத்தம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். முதியவரின் நடுங்கும் குரலையும் மூச்சொலியையும் அது சத்தம் என்று நினைத்து வெட்டும். சட்டையில் குத்தும் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சால்வை உரசாத இடத்தில் குத்துங்கள். காற்றுக்குப் பஞ்சுறை போடுங்கள். தகரக் கூரையில் மழை விழும்போது எடுக்கவே வேண்டாம், எந்த மென்பொருளும் அதைப் பேச்சிலிருந்து சுத்தமாகப் பிரிக்காது. எடுத்த உடன் ஹெட்போனில் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஆமா, அப்புறம்?’ என்று நடுவில் கொட்டும் நம் குரல்தான் பாதிப் பதிவுகளைக் கெடுக்கிறது. தலையாட்டினால் போதும்.

கேள்வி: எங்கள் பகுதிப் பளியர் பெரியவர்களின் மூலிகை அறிவைப் பதிவு செய்து, கேட்டால் பதில் சொல்லும் ஏஐ செயலியாகச் செய்ய நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? – இளைஞர் குழு, கொடைக்கானல் மலைக் கிராமம்

பதில்: செயலியில் தொடங்காதீர்கள், கிராம சபையில் தொடங்குங்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, பல்லுயிர் சார்ந்த மரபு அறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் உரிமை இருப்பதாகச் சொல்கிறது. எதைப் பதிவு செய்யலாம், யார் கேட்கலாம், பணம் வந்தால் யாருக்கு என்பது அங்கே தீர்மானமாக எழுதப்படட்டும். அகத்தியமலைக் காணிக்காரர்கள் 1987-ல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியபோது ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து மருந்து வந்தது. வருமானத்தில் அவர்கள் பங்கைப் பெற்றுக்கொள்ள ஓர் அறக்கட்டளை உருவானது 1997-ல். அந்தப் பத்து வருடத்தை உங்கள் ஊர் முதலிலேயே மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சம்மதத்தை அவர் பேச்சிலேயே, அவர் குரலிலேயே வாங்குங்கள். ஊருக்குள் மட்டுமா, பள்ளிக்கும் தரலாமா, எல்லோருக்குமா? நாலாவதாக ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: இதை வைத்து மெஷினைப் பழக்கலாமா? இதைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபைலை நாளைக்கு அழித்துவிடலாம். பழகிவிட்ட மாடலிலிருந்து ஒருவர் சொன்னதை மட்டும் பிடுங்கி எடுக்க இன்று நம்பகமான வழி இல்லை. ‘நான் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா?’ என்று பெரியவர் கேட்டால், ஃபைலிலிருந்து ஆமாம், மாடலிலிருந்து இல்லை என்று உள்ளபடி சொல்ல வேண்டும். அன்றைக்குத் தேனுக்கோ கடுக்காய்க்கோ போகாமல் உங்களோடு உட்காருகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள்.

செயலி பதில் சொல்வது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மருந்தில் ஒரு சொல் பிசகினால் உயிர் போகும். ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கோல்சிசின் கொல்லும் நஞ்சு. அதைத் தின்னும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. நாலு பேர் சொன்னதைக் கலந்து மெஷின் ஒரு வாக்கியம் கட்டும்போது, ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்ற இரண்டு சொல் உதிர்ந்தால் என்ன ஆகும்? படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகளையும் இதற்கு நம்ப முடியாது. பூக்காத பருவத்தில், இலையை மட்டும் காட்டினால் அடிக்கடி தவறும்.

அதற்குப் பதில் தேடித் தரும் பெட்டியாகச் செய்யுங்கள். பிள்ளை ‘பூச்சிக்கடி’ என்று கேட்டால், பெரியவர் அதைப் பற்றிப் பேசிய இரண்டு நிமிடம் அப்படியே அவர் குரலில் ஒலிக்கட்டும். மெஷினின் வேலை இடத்தைக் கண்டுபிடிப்பதோடு நிற்கட்டும். இன்டர்நெட் இல்லாமல் ஒரு பழைய லேப்டாப்பிலேயே இது ஓடும். படம் எடுக்கும்போது போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். எந்தச் சரிவில் எந்தச் செடி என்ற விவரம் படத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். வெளியாட்கள் வந்து வேரோடு அள்ளிப் போக அது போதும்.

நியூசிலாந்து மாவோரி மக்களின் தே ஹிக்கு ஊடக நிறுவனம் 2018-ல் பத்தே நாளில் சுமார் 300 மணி நேர வாசிப்பைத் தன் மக்களிடமிருந்தே திரட்டியது. தரவைப் பெரிய நிறுவனங்களிடம் கொடுக்காமல், பாதுகாவலர் பொறுப்பு என்ற பொருளில் தங்களுக்கென்று ஓர் உரிமமே எழுதிக்கொண்டது. உங்கள் தீர்மானத்துக்கு அதை மாதிரியாக வைக்கலாம். ஆனால் மாவோரி ஏற்கெனவே எழுத்தும் பள்ளியும் உள்ள மொழி. நூறு குடும்பம் பேசும் பேச்சுக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் பணியர் மொழியில் கதை எழுதச் சொல்லி அங்கன்வாடிக்குப் பயன்படுத்தலாமா? – பணியாளர், கூடலூர்

பதில்: வேண்டாம். மலையாளத்தையும் தமிழையும் கலந்து நம்பிக்கையோடு எழுதித் தரும், பணியர் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் அன்றாட வாக்கியங்கள் பத்தை அதனிடம் மாற்றச் சொல்லி, ஒரு பணியர் பாட்டிக்குப் படித்துக் காட்டுங்கள். கதையை அந்தப் பாட்டியிடமே வாங்குங்கள். அதற்குப் படம் வரையவும் பக்கம் கட்டவும் மெஷினை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இறந்துபோன எங்கள் தாத்தாவின் குரலை ஏஐ மூலம் உருவாக்கி, அவர் தேனெடுப்புப் பாட்டைப் பாட வைக்க முடியுமா? – வாசகர், ஆலு குறும்பர் கிராமம்

பதில்: முடியும், சில நிமிடப் பதிவே போதும். செய்யாதீர்கள் என்றுதான் சொல்வோம். அவர் பாடாத ஒன்று அவர் பாடியதாகப் பேரப்பிள்ளைகள் காதில் பதியும். எது பதிவு, எது செய்தது என்று பிரிக்க முடியாமல் போனால், இருக்கும் உண்மைப் பதிவின் மேலும் நம்பிக்கை போய்விடும். மேலும் அந்தப் பாட்டு பாறையில், தேனீயின் முன்னால், அந்தப் பருவத்தில் பாடுவது. வேறெங்கும் ஒலிக்கலாமா என்பதை உங்கள் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர் பாடிய பதிவு இருந்தால் அதைச் சுத்தம் செய்து தெளிவாக்கலாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. அப்போதும் மூலத்தைத் தனியாக வையுங்கள்.

கேள்வி: எண்பதுகளில் எடுத்த கேசட்டுகள் பரணில் இருக்கின்றன. வெள்ளையாகப் பூத்திருக்கின்றன. – வாசகர், உதகமண்டலம்

பதில்: போட்டுப் பார்க்காதீர்கள். அது பூஞ்சை. பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஜெல்லை மாற்றுங்கள். வெயிலில் காய வைப்பது டேப்பை வளைத்துவிடும். காய்ந்த பின் டேப்பின் ஓரத்தில் இருக்கும் பூஞ்சையை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் வெளியே நின்று, முகக்கவசத்தோடு தட்டுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

ஒரு முறைதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், நேரடியாக வேவ் ஃபைலாக. சத்தம் குறைப்பதெல்லாம் பிறகு, பிரதியில். பேசியவர் பெயர், ஊர், வருடம் கேசட் அட்டையில் இருந்தால் அட்டையையும் படம் எடுங்கள். கையெழுத்து மங்கிக்கொண்டிருக்கும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் சமவெளியில். உதகையின் ஈரம் ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றையும் திறந்து, ஒலிக்கிறதா என்று பாருங்கள்.